வந்தவையெல்லாம் களைகள் அல்ல



பெங்களூரில் மழை பெய்து ஓய்ந்த சில வாரங்களில், வீடு எழும்பாத காலி மனைகளிலும், இருப்புப்பாதை ஓரங்களிலும், சாக்கடைக் கரைகளிலும் ஒரு செடி இடுப்பளவு ஓங்கி நிற்பதை ஆண்டுதோறும் காண்கிறோம். அதன் இலை காரட் இலையைப் போல் பிளவுபட்டிருக்கும். உச்சியில் சிறுசிறு வெண்பூக்கள் நிறைந்திருக்கும். தாவர நூலார் இதனைப் பார்த்தீனியம் என்பர். கன்னட மக்கள் காங்கிரஸ் செடி என வழங்குவர். இதன் தாயகம் மெக்சிகோ வளைகுடாவைச் சூழ்ந்த நிலப்பகுதியாகும். 1950களின் நடுவில் புனே நகரில் இச்செடி பரவியிருப்பது கண்டறியப்பட்டது. இறக்குமதியான கோதுமையோடு இதன் விதையும் கலந்து வந்திருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. பின்னர்ச் சில பத்தாண்டுகளுக்குள் இது நாடெங்கும் பரவிவிட்டது.

‘அயல்நாட்டுச் செடி, ஆதலால் தீயது’ என்று பலர் கூறக் கேட்கிறோம். பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் வாழும் நாம், இவ்வாதத்தைச் சற்று நின்று ஆராய்வது நலம். நம் அடுக்களையிலுள்ள மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. தமிழ்நாட்டுக் கடைகளில் ‘பெங்களூர்க் கத்தரிக்காய்’ என்று கேட்டு வாங்குகிறோமே, அதற்கும் பூர்விகம் மெக்சிகோவும் அதன் அண்டை நாடுகளுமே. பெங்களூர்க்காரரோ அதனைச் ‘சீமைக் கத்தரி’ என்கின்றனர்! இந்நகரின் சாலைகளை அழகுசெய்யும் ஜகரண்டா, தபேபூயா மரங்களும் அக்கண்டத்தினவே. ஒரே திசையிலிருந்து வந்தவற்றுள் ஒன்றைப் பந்தலில் ஏற்றுகிறோம். மற்றொன்றைப் பிடுங்கி எறிகிறோம். இது ஏன்?

நம் மொழியே விடை கூறுகிறது. களையப்பட வேண்டியது எதுவோ அதுவே களை. அச்சொல் ஒரு செடியின் பிறப்பிடத்தைக் கேட்பதில்லை; அதன் செயலையே கேட்கிறது. பார்த்தீனியத்தின் செயலைப் பாருங்கள். ஒரே செடி 15,000 விதைகளுக்கு மேலும் உதிர்க்க வல்லது. இதன் வேரும் இலையும் வெளியிடும் பொருள்கள், அருகில் வேறு விதைகள் முளைக்கவொட்டாமல் தடுக்கின்றன. கால்நடைகள் இதனை விரும்பித் தின்பதில்லை. தின்றாலோ பால் கசக்கிறது. தொட்டால் தோல் தடித்து அரிக்கலாம்; மகரந்தம் மூச்சுத் திணறலைத் தூண்டலாம். இத்தீமையை முதலில் ஏற்பவர்கள் வெறுங்கையால் செடி பிடுங்கும் கூலியாட்களும் துப்புரவுத் தொழிலாளரும் ஆவர். இந்நகரில் அவர்களுள் நம் மொழி பேசுவோர் பலர்.

இச்செடி இவ்வளவு விரைவாகப் பரவியதற்குக் காரணம் உண்டு. விதை கடல் கடந்து வந்தது. தாயகத்தில் அதனைத் தின்று அடக்கி வந்த பூச்சிகள் உடன் வரவில்லை. ஆகவே, அறிவியலார் மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டினத்தைத் தருவித்து, பயிர்களுக்குத் தீங்கு செய்யுமா என்று சோதித்துப் பார்த்து, 1984இல் பெங்களூரில் வெளியே விட்டனர். சைகோகிரம்மா என்னும் அவ்வண்டும் அதன் புழுவும் இச்செடியின் இலைகளைத் தின்று மொட்டையாக்குகின்றன. பிற்பாடு சூரியகாந்தி வயல்களில் அவ்வண்டு காணப்பட்டபோது உழவரிடையே அச்சம் எழுந்தது. ஆராய்ந்ததில் அப்பயிருக்குப் பெருந்தீங்கு இல்லையெனத் தெரிந்தது. ஆக, வந்த தீமைக்கு மருந்தும் வெளியிலிருந்தே வந்தது. எனினும், வறண்ட மாதங்களில் வண்டு மண்ணுள் உறங்கி, மழைக்குப் பின்னரே எழுகிறது. ஈரமுள்ள இடங்களில் செடியோ ஆண்டு முழுதும் தழைக்கிறது. எனவே மனித முயற்சியும் வேண்டும்.

நாம் செய்யத்தக்கது எளியது. மண் ஈரமாயிருக்கும்போது, பூக்கும் முன்னரே, வேரோடு பிடுங்க வேண்டும். பூத்தபின் பிடுங்கிக் குப்பையில் எறிந்தால், விதையை நாமே ஊரெங்கும் விதைத்தவர்களாவோம். கைக்கு உறையும் மூக்கிற்குத் துணியும் இன்றி இச்செடியைத் தொடலாகாது. கூலிக்கு ஆள் அமர்த்தினால், கூலியோடு கையுறையும் கொடுப்பது நம் கடமை. காலி மனையைச் சுத்தம் செய்யும் பொருட்டு ஒருவர் உடல்நலத்தை இழத்தல் நேர்மையன்று.