வீடு வீடாக விற்ற நாவல்கள்

(வாசகர் சந்திப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் நண்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். சிறுகதை எழுதுகிறவர். ஒரு பதிப்பகம் இரண்டு வருடம் இழுத்தடித்துவிட்டு, இந்தக் கதைகளுக்கு வாசகர்கள் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டது. நகையை அடகு வைத்து அவரே முந்நூறு பிரதி அச்சடித்தார். கட்டிலுக்கு அடியில் இன்னும் பிரிக்காத கட்டுகள் கிடக்கின்றன. "நம்ம ஆளுங்களே வாங்கலைன்னா நான் யாருக்கு எழுதுறேன்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. என் ஆய்வில் வருகிற ஒரு மனிதரைப் பற்றிச் சொன்னேன். அதையே இங்கேயும் சொல்கிறேன்.

அவர் பெயர் சட்டன் கிரிக்ஸ். 1872இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்த கறுப்பினத்தவர். அப்பா அடிமையாகப் பிறந்து, விடுதலைக்குப் பின் பாப்டிஸ்ட் போதகரானவர். மகனும் போதகரானார். கிரிக்ஸ் பிறந்த அடுத்த வருடம்தான் ஜோதிராவ் புலே, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குச் சமர்ப்பித்து 'குலாம்கிரி'யை வெளியிட்டார். அந்த விடுதலை நடைமுறையில் என்ன ஆனது என்பதைத்தான் கிரிக்ஸ் நாவல்களாக எழுதினார்.

முதல் நாவல் 'இம்பீரியம் இன் இம்பீரியோ' 1899இல் வந்தது. அமெரிக்காவுக்குள்ளேயே கறுப்பின மக்கள் ரகசியமாக ஓர் அரசாங்கம் நடத்துகிறார்கள், டெக்சாஸைக் கைப்பற்றித் தங்கள் நாடாக்கலாமா என்று விவாதிக்கிறார்கள் என்பது கதை. கும்பல் கொலைகள் அன்றாடச் செய்தியாக இருந்த காலத்தில் ஒரு போதகர் இதை எழுதினார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

எனக்கு அதில் மிகவும் பிடித்த இடம் அந்த அரசாங்கமல்ல, ஒரு சாப்பாட்டு மேசை. நாயகன் பெல்டன் படிக்கிற கல்லூரியில் ஆசிரியர்களில் ஒருவர் கறுப்பினத்தவர். வெள்ளை ஆசிரியர்கள் தங்கள் மேசையில் அவரை உட்கார வைப்பதில்லை. கல்லூரியோ கறுப்பின மாணவர்களுக்காக நடத்தப்படுவது! பெல்டன் மாணவர்களை ரகசியமாகத் திரட்டிப் போராடி, அவரை அந்த மேசையில் உட்கார வைக்கிறான். தனிப்பந்தியையும் தனிக்குவளையையும் பார்த்த நமக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை.

1901இல் நாஷ்வில் நகரில் ஓரியன் என்ற சொந்தப் பதிப்பகத்தைத் தொடங்கினார். எழுதுவது, அச்சுக்குக் கொடுப்பது, விற்பது எல்லாம் அவர் பொறுப்பு. பிரதிகளைச் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போனார். வேலைத்தலங்களில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூலித் தொழிலாளர்களிடம் விற்றார். அன்று பத்து வயதுக்கு மேற்பட்ட கறுப்பின மக்களில் ஏறத்தாழ 44 சதவீதம் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களை நம்பித்தான் கடை விரித்தார். அதே காலத்தில் சார்லஸ் செஸ்நட் என்ற கறுப்பின எழுத்தாளரின் நூல்களைப் பெரிய வெள்ளைப் பதிப்பகம் ஒன்று வெளியிட்டது. ஆனால் எளிய கறுப்பின மக்களிடம் கிரிக்ஸின் நாவல்களே அதிகம் போய்ச் சேர்ந்திருக்கக்கூடும் என்று விமர்சகர் ஹ்யூ குளோஸ்டர் 1948இல் எழுதினார்.

இதோடு முடித்தால் கைதட்டலாம். ஆனால் கடன் கதை இருக்கிறது.

1902இல் தாமஸ் டிக்சன் என்ற வெள்ளை நிறவெறியர் 'தி லெப்பர்ட்ஸ் ஸ்பாட்ஸ்' என்ற நாவலை எழுதினார். அது அமோகமாக விற்றது. இவர் எழுதிய இன்னொரு நாவல்தான் பின்னாளில் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' என்ற படமானது. டிக்சனுக்குப் பதிலாக ஒரு நாவல் எழுதும்படி கிரிக்ஸைத் தூண்டியது பாப்டிஸ்ட் சபைகளின் மாநாடு. 1905இல் 'தி ஹிண்டர்டு ஹேண்ட்' வந்தது. மிசிசிப்பியில் அதற்கு முந்தைய வருடம் ஓர் ஆணையும் பெண்ணையும் வெள்ளைக் கும்பல் சித்திரவதை செய்து எரித்த உண்மைச் சம்பவத்தை அதில் எழுதினார். படிக்க முடியாமல் இரண்டு முறை மூடி வைத்தேன். பாராட்டு வந்தது, எதிர்பார்த்த அளவுக்குப் பணம் வரவில்லை. அச்சுக் கடன் அவர் தலையில் விழுந்தது. 1908இல் ஐந்தாவது நாவல். அதற்குப் பிறகு அவர் நாவலே வெளியிடவில்லை.

1913இல் மெம்பிஸ் நகருக்குப் போனார். உடற்பயிற்சிக் கூடம், நீச்சல் குளம் எல்லாம் கொண்ட ஒரு சபையைக் கட்டினார். அதற்கு வெள்ளை முதலாளிகளின் பணமும் வந்தது. எழுத்தின் குரல் மாறியது. தனி நாடு பற்றிக் கனவு கண்டவர், நல்லொழுக்கமும் ஒத்துழைப்பும் முன்னேற்றம் தரும் என்று அறிவுரை நூல்கள் எழுதினார். சொந்த மக்களே அவரைக் கடுமையாக விமர்சித்தார்கள். பொருளாதாரப் பெருமந்தத்தில் அந்தச் சபைக் கட்டடமும் கைவிட்டுப் போனது. 1933இல் இறந்தார். முதல் நாவல் 1969இல் மறுபதிப்பாகி மறுபடி பேசப்பட்டது.

ஆய்வு தொடங்கியபோது, 'சமரசம்' என்று ஒரே சொல்லில் அவரது பிற்காலத்தை எழுதி முடித்தேன். இப்போது அந்தப் பக்கத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். பிற்காலத்து அறிவுரைகளை நான் ஏற்கவில்லை, அவை தவறு என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் யார் பணத்தில் எழுதினார் என்று கேட்கிற நான், அதற்கு முன் யாரெல்லாம் அவருக்குப் பணம் தரவில்லை என்றும் கேட்க வேண்டுமல்லவா? அந்த மாநாட்டில் உணர்ச்சிவசப்பட்டுக் கைதட்டியவர்கள் எத்தனை பேர் புத்தகம் வாங்கினார்கள்? நாமும் ஒரு நூலின் அட்டைப்படத்தைப் பகிர்ந்து 'வாழ்த்துகள் தோழர்' என்று எழுதிவிட்டு, அடுத்த நாளே பிடிஎஃப் கிடைக்குமா என்று கேட்கிறவர்கள்தானே. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அன்றைக்கு நண்பரிடம் ஒரு கட்டைப் பிரித்து இருபது பிரதி எடுத்து வந்தேன். வாசலில் மேசை மேல் இருக்கிறது. விலை 150 ரூபாய். கழிவு கிடையாது.