பிறர் அறிவும் பிறர் அச்சமும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நயினாதீவு அம்மனைத் தரிசிக்கப் படகேறாதவர் இச்சபையில் மிகச் சிலரே. அத்தீவும் நெடுந்தீவும் அனலைதீவும் நெடுங்காலம் டீசல் யந்திரங்களையே மின்சாரத்துக்கு நம்பியிருந்தன. வெயிலும் காற்றும் நிறைந்த அவ்விடங்களில் அவற்றைக் கொண்டே மின்சாரம் ஆக்க ஆசிய அபிவிருத்தி வங்கியின் ஆதரவுடன் ஒரு திட்டம் எழுந்தது. 2021 ஜனவரியில் அப்பணி ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்கு என அமைச்சரவை தீர்மானித்தது. தன் கரைக்கு இத்தனை அண்மையில் சீனா காலூன்றுவதா என்று இந்தியா ஆட்சேபித்தது. மூன்றாந் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையால் வேலை நிறுத்தப்பட்டதென அவ்வாண்டு டிசெம்பரில் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவே அப்பணியை ஏற்க உடன்பட்டது. 110 இலட்சம் டொலர் நன்கொடையில் ஒப்பந்தம் கைச்சாத்தானது 2024 மார்ச்சில்.

இந்தியாவின் அச்சம் வீணென்று கூறேன். மின் நிலையம் நாட்டுபவன் தன் ஆட்களையும் கருவிகளையும் கூடவே கொண்டு வருவான். பழுது பார்க்கவும் அவனே வருவான். ஆயினும், பெரியோர் இருவரின் வழக்கு முடியும்வரை மூன்றாண்டு காத்திருந்தவர்கள் நம் தீவு மக்கள் அன்றோ?

இன்று அஞ்சும் இந்தியாவைக் கண்டு பிறர் அஞ்சிய காலமும் உண்டு. திரவ ஐதரசனையும் திரவ ஒட்சிசனையும் எரித்து ரொக்கெட்டை உந்தும் யந்திரத்தை, அதன் நுட்பத்தோடு விற்க 1991இல் சோவியத் நிறுவனமொன்று இசைந்தது. அந்நுட்பம் ஏவுகணைக்கு உதவுமென்று கூறி 1992இல் அமெரிக்கா தடை விதித்தது. 1993இல் ரஷ்யா யந்திரங்களை மட்டும் தர இசைந்து, நுட்பத்தைத் தர மறுத்தது. இந்திய விஞ்ஞானிகள் திருநெல்வேலிச் சீமையிலே, மகேந்திரகிரியில், அதனைத் தாமே செய்து சோதித்தனர். 2010இல் அவர்கள் யந்திரம் பூட்டிய முதல் ரொக்கெட் கடலில் வீழ்ந்தது; 2014 ஜனவரி 5ஆம் நாள் வெற்றி கிட்டியது. துரோணர் மறுத்த வித்தையை ஏகலைவன் தானே பயின்ற கதை நினைவுக்கு வருகிறதன்றோ!

இளைஞர்களே! நாம் ரொக்கெட் விடப் போவதில்லை. ஆனால் நம் தீவில் நாட்டும் காற்றாடியைக் கழற்றிப் பூட்ட நம் பிள்ளை ஒருவனுக்கேனும், ஒருத்திக்கேனும் தெரிந்திருக்க வேண்டாமா? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சியில் இருக்கின்றது. கருவி எந்நாட்டிலிருந்தும் வரட்டும். அதனுடன் பயிற்சியும் வரவேண்டுமென்று பெரியோர்கள் கேளுங்கள். வரும் பயிற்சியை இளைஞர்கள் விடாது பற்றுங்கள். கற்றுக்கொண்ட கைத்தொழிலை எவருடைய அச்சமும் நம்மிடமிருந்து திருப்பி வாங்க முடியாது.