வீட்டிலிருந்த ஒரு வாரம்



இன்பம் என்றவுடன் நாம் திருவிழாவையும் தீர்த்த யாத்திரையையும் நினைத்துக்கொள்கிறோம். நான் இன்று சொல்லப் புகுவது அவற்றினும் மிகச் சிறியது. வீட்டில் இருந்த ஒரு வாரத்தைப் பற்றியது. அந்த வாரத்தை நானாக விரும்பி எடுத்துக்கொண்டேன் என்று சொல்வதற்கில்லை. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20 ஆந் தேதி, வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, கொரோனா நோயின் பொருட்டு நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. கொழும்பில் மே மாதம் 26 ஆந் தேதி முதல் பகல் வேளைகளில் அது தளர்ந்தது. ஆயினும் என் நெஞ்சில் நிற்பது அதன் முதல் வாரமே.

எங்கள் வீடு கிராண்ட்பாஸில் ஒரு தோட்டத்துக்குள் இருக்கிறது. தோட்டம் என்றதும் மாமரத்தையும் மல்லிகைப் பந்தரையும் எண்ணிவிடாதீர்கள். சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் வீட்டு வரிசைகளுக்குக் கொழும்பிலே அதுதான் பெயர். களனி கங்கையைக் கடக்கும் பெருந்துறை என்ற பொருளில் போர்த்துக்கேயர் வைத்த பெயர் கிராண்ட்பாஸ். ஓடங்களைப் பிணைத்து ஆங்கிலேயர் அங்கே 1822 இல் பாலமிட்டனர். 1895 இல் விக்டோரியா பாலம் எழுந்தது. கடந்து செல்வதற்கென்றே பெயர் பெற்ற அவ்விடத்தில் அந்த வாரம் ஒருவரும் எங்கும் செல்லவில்லை.

நான் புறக்கோட்டையில் ஒரு கடையிலே கணக்கெழுதுபவன். விடியுமுன் புறப்பட்டு, விளக்கு வைத்தபின் திரும்புகிறவனுக்கு வீட்டின் பகற்பொழுது எப்படித் தெரியும்? என் தாயாருக்கு அப்போது எண்பது வயது கடந்துவிட்டது. பார்வையும் பெரும்பாலும் போய்விட்டது. சனிக்கிழமை காலையில் மட்டும் அவர் என்னிடம் பத்துத் தடவையாவது, "மகன், மணி என்ன?" என்று கேட்டிருப்பார். ஆறாவது தடவையில் நான் சற்றுக் கடிந்தே பதில் சொன்னேன். இன்று நினைத்தாலும் அது உறுத்துகிறது.

திங்கட்கிழமைதான் காரணம் விளங்கிற்று. பாடசாலை வானின் ஊதல் என்றால் ஏழு மணி. நாட்டாமிகள் குரல் கொடுத்து மூட்டை இறக்கினால் பத்து. லொறிகள் வரிசையாக உறுமினால் அந்தி. இவையே அவருடைய கடிகாரம். ஊர் அடங்கியதும் அது நின்றுவிட்டது. பள்ளிவாசற் பாங்கொலி மட்டும் தவறாது வந்தது; இரண்டு பாங்குகளுக்கு இடையே அவர் திசை தெரியாமற் கிடந்தார்.

அன்று முதல் நானே அவருக்கு நேரத்தைச் சொல்லலானேன். மணிக்கணக்கை அவர் விரும்பவில்லை. "வெயில் வாசற்படி ஏறிவிட்டது அம்மா" என்றால் முகம் மலரும். அடுத்த வீட்டில் தேங்காய் துருவும் ஓசை கேட்டதும், "சம்பலுக்கு" என்பார். சிறிது நேரம் கழித்துக் கேட்டால், "கறிக்கு" என்பார். ஓசையில் அந்த வேறுபாடு இருப்பதை நான் அதுவரை அறியேன். 1930 முதல் வெளிவரும் வீரகேசரியின் பழைய தாள்கள் சமையலறைத் தட்டுகளில் விரிக்கப்பட்டிருந்தன. அவற்றை எடுத்து அவருக்குப் படித்துக் காட்டினேன். மரண அறிவித்தல்களையே அவர் மிக விரும்பிக் கேட்டார். பால் கலவாத தேநீரோடு பனங்கட்டியைக் கடிக்கும்போது, பாதியைக் கடித்துவிட்டு மீதியை என் பக்கம் நீட்டுவார். நான் சிறுவனாயிருந்தபோது செய்த வழக்கம் அது.

வியாழக்கிழமை, பாண் விற்கும் முச்சக்கர வண்டியின் இசை வந்தது. ஜெர்மானிய இசைமேதை பீதோவன் 1810 அளவில் எலீஸ் என்ற பெண்ணின் பெயரால் இயற்றியதாகச் சொல்லப்படும் பியானோ இசையே இலங்கைத் தெருக்களில் பாணின் அறிவிப்பாகிவிட்டது. அம்மா எழுந்து உட்கார்ந்தார். "நாலு மணி! தேத்தண்ணி வை மகன்" என்றார்.

அப்பொழுது காலை பதினொரு மணி. நான் திருத்த வாயெடுத்தேன். பிறகு அடுப்பில் கேத்திலை வைத்தேன். சூடான பாணில் வெண்ணெய் தடவி, மாலைத் தேநீரை இருவரும் அருந்தினோம். வெயில் குறைவதாக அவர் சொன்னார், ஆமென்றேன். பின்னர் அசல் நான்கு மணிக்கும் ஒரு தேநீர் வைக்க நேர்ந்தது. அதை விடியற்காலைத் தேநீர் என்று எண்ணிக் குடித்தாரோ என்னவோ, பனங்கட்டியில் பாதி அப்போதும் என் பக்கம் வந்தது.