மனநோயும் மறுவாழ்வும்

வேற்று மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பமொன்றில் ஒருவருக்கு மனச்சிதைவு நோய் கண்டுவிட்டால், நம்மில் பலருக்கு முதலில் தோன்றும் யோசனை, 'ஊருக்கு அனுப்பிவிடலாம்' என்பதே. அக்கம்பக்கத்தார் அறியலாகாது, அங்கே பாட்டி இருக்கிறார், சித்தப்பா இருக்கிறார் என்று நமக்கு நாமே சமாதானம் கூறிக்கொள்கிறோம். அந்த யோசனை நோயுற்றவருக்கு நன்மை பயக்குமா என்பதை இன்று சற்று ஆராய்வோம்.

மனச்சிதைவு என்னும் பெயர் அச்சமூட்டுவது. மனம் சுக்குநூறாகிவிட்டது என்பது அதன் பொருளன்று. பெரும்பாலும் இளமைப் பருவத்தில் தோன்றும் இந்நோயில் இருவகைத் தொல்லைகள் முக்கியமானவை. பிறருக்குக் கேளாத குரல்கள் கேட்பதும், ஆதாரமற்ற ஐயங்கள் அசையாத நம்பிக்கைகளாகிவிடுவதும் ஒருவகை. பேச்சுக் குறைதல், ஊக்கம் அற்றுப்போதல், குளிக்கவும் மனம் எழாமை, உற்றாரிடமிருந்து ஒதுங்குதல் ஆகியவை மற்றொரு வகை. முதல்வகையை மருந்துகள் பலருக்கு நன்கு அடக்குகின்றன. இரண்டாம் வகையோ மருந்துக்கு எளிதில் இணங்குவதில்லை. குரல்கள் ஓய்ந்த பின்னும் மகன் பகலெல்லாம் படுத்திருப்பதைக் கண்டு நாம் சோம்பேறி என்று ஏசுகிறோம். அது சோம்பலன்று, நோயின் எஞ்சிய பகுதி.

மறுவாழ்வுச் சிகிச்சைக்கு வேலை இங்கேதான் தொடங்குகிறது. அது மருந்துக்கு மாற்றன்று. மருந்தோடு சேர்ந்து நடப்பது. நாளுக்கு ஓர் ஒழுங்கு அமைத்தல், பிறருடன் பேசிப் பழகப் பயிற்சி தருதல், கவனத்தையும் நினைவாற்றலையும் வளர்த்தல், இயன்ற தொழிலில் அமர்த்தித் துணைநிற்றல், குடும்பத்தாருக்கு நோயின் இயல்பை விளக்குதல் ஆகியன அதன் உறுப்புகள். காலையில் பால் வாங்கி வருதல் போன்ற சிறு பொறுப்பிலிருந்து அது தொடங்கலாம். ஒன்று கைவந்த பின்னரே அடுத்தது.

இதில் குடும்பத்தின் பங்கு பெரிது. 1950களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் என்பவர் வளாகத்திலேயே கூடாரங்கள் அமைத்து, நோயாளிகளின் உறவினரையும் உடன் தங்கச் செய்தார். நோயைப் பற்றி அவர்களிடம் பேசினார். நோயாளியைக் கொண்டுவந்து விட்டுச் செல்லும் வழக்கத்திற்கு அது நேர்மாறான முறை. இங்கிலாந்தில் ஜார்ஜ் பிரவுனும் அவர்தம் குழுவினரும் நடத்திய ஆய்வுகள், ஓயாத குறைகூறலும் பகைமையும் நிலவும் வீடுகளுக்குத் திரும்பியவரிடையே நோய் மீண்டும் தலைதூக்குவது மிகுதி எனக் காட்டின. வீட்டில் பேசும் சொல்லும் ஒருவகை மருந்தே என்பது இதனால் விளங்கும்.

சென்னையில் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் நிறுவனம் இத்தகைய மறுவாழ்வுப் பணியைத் தொடர்ந்து ஆற்றிவருகிறது. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சாத்தாரா ஆகிய மூன்று இடங்களில் 282 பேரிடம் நடைபெற்று, 2014இல் வெளியான ஆய்வொன்றும் கவனிக்கத்தக்கது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று, மருத்துவர் மேற்பார்வையில் துணைபுரிந்தனர். வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவரைக் காட்டிலும், இத்துணையும் பெற்றவர் ஓராண்டு முடிவில் ஓரளவு மேலான நிலையில் இருந்தனர். பயன் பிரமாதமானதன்று, ஆயினும் மெய்யானது.

இனி, ஊருக்கு அனுப்பும் யோசனைக்கு வருவோம். ஊரில் நல்ல மருத்துவரும், பொறுப்பேற்கும் உறவினரும் இருப்பின் அனுப்புவதில் தவறில்லை. சிகிச்சைக் குறிப்புகளையும் மருந்துகளையும் உடன் கொடுத்து, மருத்துவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்து அனுப்புதல் வேண்டும். மறைப்பதற்காக மட்டும் அனுப்பினால் சிகிச்சையின் இழை அறுந்துவிடும். உறவினரால் கொண்டுவந்து விடப்பட்டவர்களின் கதி எவ்வாறு முடியக்கூடும் என்பதை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் நிகழ்ந்த தீவிபத்து காட்டியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலாமல் 28 மனநோயாளிகள் அங்கே மாண்டனர். சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்துள்ளது; சமூகத்தின் நடுவே வாழும் உரிமையையும் அது அளித்துள்ளது.

வெளிமாநிலத்தில் நமக்குள்ள தனி இடர் மொழி. எலும்பு முறிவைக் கைகாட்டி உணர்த்திவிடலாம். மனத்துயரைப் பேச்சாலன்றி உணர்த்துதல் அரிது. மறுவாழ்வுப் பயிற்சியும் பேச்சினாலேயே நடைபெறுவது. ஆகவே மருத்துவரிடம் செல்லும்போது, இருமொழியும் அறிந்த, நம்பத்தக்க ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். நோயாளி சொன்னதைச் செப்பனிடாமல், சொன்னபடியே அவர் பெயர்த்துரைக்க வேண்டும். குரல்கள் வைதன என்றால் 'மனம் சரியில்லை' என்று சுருக்கிவிடலாகாது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் இலவசத் தொலைபேசிச் சேவையில், 14416 என்ற எண்ணில் தமிழிலும் ஆலோசனை பெறலாம். மனநோயால் நெடுங்காலமாக இயங்க இயலாதோர், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கும் விண்ணப்பிக்கலாம்.

நம் தமிழ்ச் சங்கங்கள் விழாக்களைச் சிறப்புற நடத்துகின்றன. இத்தகைய குடும்பங்கள் கூசாமல் வந்து அமரவும் அங்கே இடம் வேண்டும். நாற்காலி அடுக்கவும், அழைப்பிதழ்களில் முகவரி எழுதவும், நோயிலிருந்து தேறிவரும் ஓர் இளைஞரை அழைத்துப் பாருங்கள். அவருக்கு அது சிகிச்சையின் ஒரு பகுதியாகும்.