எச்.ஆர். படிக்கப் போகும் பிள்ளைகள் எதைக் கற்க வேண்டும்?

(ஏற்காட்டில் நடந்த கல்வி வழிகாட்டல் கூட்டத்தில் நமது அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)



கல்வி உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களில் "எம்.பி.ஏ., எச்.ஆர்." என்று எழுதி வருபவை கூடிக்கொண்டே போகின்றன. எச்.ஆர். என்றால் மனிதவள மேலாண்மை. பிள்ளையிடம் "அதில் என்ன சொல்லித் தருவார்கள்?" என்று கேட்டால், "ஆள் எடுக்கிற வேலை" என்கிறது. அத்தாவிடம் கேட்டால், "ஏ.சி. ரூமில் உட்கார்ந்து பார்க்கிற வேலையாம்" என்கிறார். இரண்டும் பொய்யில்லை. ஆனால் இரண்டு வருடப் பணத்தைக் கட்டுவதற்கு இந்த அளவு விளக்கம் போதாது. அதனால்தான் இன்று இந்தத் தலைப்பு.

இந்தப் படிப்பு எதைப் பற்றியது என்று அறிய வெளிநாட்டுப் புத்தகம் தேட வேண்டாம். நம் மலையைப் பார்த்தாலே போதும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில் சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது. காபி வந்த அன்றே ஆள் தேவையும் வந்தது. செடியை நடுவது யார், களை எடுப்பது யார், நவம்பர் தொடங்கிப் பழம் பறிப்பது யார், அவர்களுக்கு எந்தக் கணக்கில் கூலி, எங்கே தங்க வைப்பது? எச்.ஆர். பாடத்தின் எல்லா அத்தியாயங்களும் இந்தக் கேள்விகள்தான்.

அந்தக் காலத்தில் அதற்குப் பட்டம் பெற்ற அதிகாரி கிடையாது. கங்காணி இருந்தார், மேஸ்திரி இருந்தார். நம் சேலம், திருச்சி மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஏராளமான குடும்பங்களைக் கூட்டிப் போனவர்கள் கங்காணிகளே. முன்பணம் கொடுப்பதும், வேலை வாங்குவதும், கடன் கணக்கு வைப்பதும் அவர்தான். ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவர் பேரில் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் விடுவிப்போம் என்று எழுதிய சீட்டு வேண்டும். அதற்குத் 'துண்டு' என்று பெயர். 1921இல்தான் அந்த முறையை ஒழித்தார்கள். அன்று ஒரு குடும்பத்தின் நடமாட்டத்தையே ஒரு காகிதம் கட்டிப் போட்டது. ஆளை எடுப்பவன் கையில் எழுத்தும் கணக்கும் இருந்து, வேலை செய்பவனுக்கு அது படிக்கத் தெரியாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. வால்பாறைத் தோட்டங்களின் நிலையை அங்கே டாக்டராக இருந்த பி.எச். டேனியல் 'ரெட் டீ' என்று நாவலாக எழுதினார். தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று கிடைக்கிறது. எச்.ஆர். சேரும் பிள்ளை முதல் செமஸ்டருக்கு முன் அதைப் படிக்கட்டும். கல்லூரிப் பட்டியலில் அது இருக்காது, ஆனாலும் படிக்கட்டும்.

இனிப் படிப்புக்கு வருவோம். ஊக்கம், தலைமைப் பண்பு, குழு மனப்பான்மை என்று கோட்பாடுகளைச் சொல்லித் தருகிறார்கள். அவை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அவற்றை மட்டும் படித்து வெளியே வரும் பிள்ளை, ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சியில் நாள் முழுக்கப் போன் பேசும் வேலைக்குத்தான் போகிறது. மூன்று விஷயம் கைவசம் இருந்தால் நிலைமை வேறு. சட்டம், கணக்கு, மொழி.

சட்டத்தில் இப்போது பெரிய மாற்றம் வந்திருக்கிறது. 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். நம் மலைக்கு ஆதாரமாக இருந்த 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் அதில் அடங்கிவிட்டது. குடியிருப்பு, குழந்தைகள் காப்பகம், குடிநீர், இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு லீவு என்று அந்தச் சட்டம் பல உரிமைகளைத் தந்தது. பழைய சட்டத்தில் 300 தொழிலாளர் உள்ள தோட்டத்துக்கு நல அலுவலர் வேண்டும். புதிய தொகுப்பில் 250 பேர் இருந்தாலே வேண்டும், தொழிற்சாலைக்கும் அதே எண்ணிக்கைதான். முன்பு தொழிற்சாலைக்கு 500. அப்படியானால் இது நம் பிள்ளைகளுக்குத் திறக்கும் வாசல். வேலையில் சேருபவருக்கு நியமனக் கடிதம் கொடுப்பதும் இப்போது கட்டாயம். ஆகவே கல்லூரியில் சேரும் முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். நான்கு தொகுப்புகளின் பெயரே அதில் இல்லையென்றால், அந்தப் பணத்துக்குப் பழைய சட்டத்தைத்தான் விற்கிறார்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். தமிழ்நாட்டில் தொழிற்சாலை நல அலுவலர் பதவிக்கு எந்த எம்.பி.ஏ.வும் போதும் என்று இல்லை. 1953ஆம் ஆண்டு விதிகளில் அதற்கென்று கல்வித் தகுதி சொல்லியிருக்கிறார்கள். சென்னையில் உள்ள தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் என்ற அரசு நிறுவனம் தொழிலாளர் மேலாண்மையில் பி.ஏ., எம்.ஏ. படிப்புகளையும், முதுகலை டிப்ளமோவையும் நடத்துகிறது. அவை அந்தப் பதவிக்கான தகுதிப் படிப்புகள். தனியார் கல்லூரியின் பெரிய கட்டடத்தைப் பார்த்து மயங்குவதற்கு முன் இதை விசாரியுங்கள். பி.சி. முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. சாதிச் சான்றிதழைக் கடைசி நாளில் தேடாதீர்கள்.

கணக்கு என்றோம். சம்பளப் பட்டியல் போடத் தெரியாத எச்.ஆர். பட்டதாரிகளை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பி.எஃப்.பில் தொழிலாளி பங்கு 12 சதவீதம், முதலாளி பங்கு 12 சதவீதம், முதலாளி பங்கில் 8.33 பென்ஷனுக்குப் போகிறது. இதை மனப்பாடமாகச் சொல்வது பெரிதல்ல, ஒருவருடைய சீட்டைப் பார்த்துச் சரிபார்க்கத் தெரிய வேண்டும். பணிக்கொடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண்மணி 24 வருடம் தோட்டத்தில் வேலை பார்த்தார், கடைசி நாள் கூலி 450 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 15 நாள் கூலி வீதம், 1,62,000 ரூபாய். அதே பெண்மணியை, வருடம் முழுக்க வேலை பார்த்திருந்தும், "சீசன் ஆள்" என்று ஏட்டில் எழுதியிருந்தால்? சீசனுக்கு 7 நாள் கூலிதான் கணக்கு. 75,600 ரூபாய். ஒரு சொல்லில் 86,400 ரூபாய் போய்விட்டது. அந்தச் சொல்லை எழுதுவது யார்? ஆபீசில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான். அதனால்தான் அமானிதம் என்ற சொல்லை இங்கே கொண்டு வருகிறோம்.

நம் பெண்களுக்குப் பெயர் ஒரு தனிப் பிரச்சினை. ஏட்டில் பாத்துமா, ஆதாரில் பாத்திமா பீ, வங்கியில் பாத்திமா பீவி. பிறந்த தேதி மூன்று விதம். ஓய்வு பெற்ற பின் பி.எஃப். பணத்துக்கு அலையும் அலைச்சலை இந்தக் கூட்டத்தில் பல வீடுகள் அறியும். சேரும் அன்றே ஆதாரில் உள்ளபடி பெயரை எழுதியிருந்தால் அந்த அலைச்சல் இல்லை. வாரிசு நியமனமும் அப்படித்தான். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டிருப்பார்கள், கல்யாணம் ஆனதும் பி.எஃப். விதிப்படி அது செல்லாது. புதிதாகக் கொடுக்க வேண்டும். யாராவது சொன்னால்தானே தெரியும்?

பெண் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் தயங்குவது எங்களுக்குத் தெரியும். ரிசார்ட், எஸ்டேட், மில் என்றால் வீட்டில் ஒரு பயம். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் புகாரை விசாரிக்க உள்குழு இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியாள் ஒருவர் வேண்டும். புகாரை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடமானால் மாவட்ட அளவில் ஒரு குழு. இந்தக் குழுவைக் காகிதத்தில் மட்டும் வைக்காமல் நடத்தத் தெரிந்த பெண் அதிகாரிகள் குறைவு. உங்கள் மகள் அந்த அதிகாரியாக வரட்டுமே. நின்றே வேலை பார்க்கும் கடைப் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டம் திருத்தியது. அதைக் கேட்டு வாங்கித் தருவதும் இந்த வேலையில் சேர்ந்ததே.

மொழியில் நமக்கு ஒரு கூடுதல் வசதி இருக்கிறது, அதை நாமே மதிப்பதில்லை. வீட்டில் உருது பேசும் குடும்பங்கள் நம்மில் இருக்கின்றன. இன்று மில்லிலும் கட்டட வேலையிலும் ஹோட்டலிலும் வடமாநிலத்துப் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். அவர்களிடம் பேச நம் உருது போதும். அதோடு சுத்தமான தமிழில் ஒரு நோட்டீஸ், ஒரு விளக்கக் கடிதம், ஒரு விசாரணை அறிக்கை எழுதப் பழகுங்கள். ஆங்கிலம் வேண்டாம் என்று அர்த்தமில்லை. குற்றச்சாட்டு மெமோ புரியாமல் கைரேகை வைப்பவர் நம் வீட்டு மனிதராகவும் இருக்கலாம்.

மூஸா நபி (அலை) அவர்கள் மத்யனில் வேலைக்குச் சேர்ந்த வரலாறு நாம் பயான்களில் கேட்டதுதான். அந்தப் பெண்மணி தம் தந்தையிடம் அவரைப் பரிந்துரைத்தபோது சொன்ன தகுதிகள் இரண்டு, வலிமையும் நம்பகமும். தந்தையோ எட்டு வருடமா பத்து வருடமா என்று காலத்தை முதலிலேயே பேசி முடித்தார், கஷ்டப்படுத்த விரும்பவில்லை என்பதையும் சொன்னார். தேர்வு, ஒப்பந்தம், நடத்தும் விதம் மூன்றும் அதில் இருக்கின்றன. நம்மில் கடை வைத்திருப்பவர்கள், எஸ்டேட் குத்தகை எடுத்திருப்பவர்கள், நம் கடையில் நிற்கும் பையனுக்கு இப்படிப் பேசி முடித்தோமா என்று யோசிக்க இது நல்ல இடம். உங்கள் வீட்டு எச்.ஆர். மாணவன் முதல் பயிற்சியை அங்கேயே தொடங்கலாம். வருகைப் பதிவேடு, சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம் எல்லாம் எழுதிப் பார்க்கட்டும்.

இந்த வருடம் எச்.ஆர். படிப்புக்கு உதவி கேட்பவர்கள் விண்ணப்பத்தோடு கல்லூரியின் பாடத்திட்ட நகலையும் எடுத்து வாருங்கள். எத்தனை வாரம் தொழிற்சாலையில் அல்லது தோட்டத்தில் நேரடிப் பயிற்சி என்று எழுதி வாங்கி வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பி.எஃப். பெயர்த் திருத்தம் நிலுவையில் உள்ள பெரியவர்களும் அன்றே ஆதார் நகலோடு வரலாம். படிக்கும் பிள்ளைகளை வைத்தே படிவம் நிரப்பச் சொல்லப் போகிறோம்.

வஸ்ஸலாம்.