அட்டையும் இழையும்



புதிய கருவி எதைக் கண்டாலும் வாங்கிவிடும் பலவீனம் உடையவன் நான். எத்தனை அடி நடந்தேன் என்று என் கைப்பேசி சொல்கிறது. எதற்காக நடந்தேன் என்பதை மட்டும் நானே நினைவுகூர வேண்டியிருக்கிறது.

கணிப்பொறி ஆரணிக்குப் புது விருந்தாளி அன்று, தறியின் பேரப்பிள்ளை. 1804-இல் பிரான்சின் பட்டு நகரான லியோனில், ஜக்கார்டு என்பவர் துளையிட்ட அட்டைகளால் தறிக்குப் பூவேலை கற்பித்தார். துளை இருந்தால் பாவு இழை எழும், இல்லையேல் கிடக்கும். அவ்வட்டையைத்தான் பாபேஜ் தம் கணிப்பொறித் திட்டத்துக்கு இரவல் வாங்கினார். 1890-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிக்கணக்கும் துளை அட்டைகளாலேயே எண்ணப்பட்டது.

ஆனால், இழை அறுந்தால் அட்டைக்குத் தெரியாது. அது பாட்டுக்குப் பூவைத் தொடரும். தறியை நிறுத்தி இழையை முடிபவர் நெசவாளியே.

அண்மையில் நண்பர் ஒருவருக்கு இரங்கல் எழுத அமர்ந்தேன். ‘தங்கள் தந்தைக்கு’ என்றதும், ‘பிறந்தநாள் வாழ்த்துகள்’ என்று கைப்பேசி சொல்லெடுத்துக் கொடுத்தது. என் விரலும் அதை அழுத்தப் போய்விட்டது! சிரித்தேன்; பிறகு வெட்கினேன். அந்த இரங்கலைத் தாளில், பேனாவால் எழுதி அனுப்பினேன்.

கருவிகளை இனியும் வாங்குவேன், நண்பர்களே. இழை அறுந்த இடத்தில் நிறுத்தும் கையை மட்டும் அவற்றிடம் ஒப்படைக்க மாட்டேன்.