பள்ளித் தோட்டமும் கூட்டு மடலும்
(அறவாரியத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரங்களைச் சேர்ந்த சில தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் ஒன்றுகூடி, பள்ளித் தோட்டங்களுக்காக நான்கு பக்கச் செய்தி மடல் ஒன்றை நடத்தி வருகிறோம். அதைத் தொகுப்பவன் என்ற முறையில், அது ஏன் தேவை, எப்படி நடக்கிறது என்பதைப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள்.

நம் தாத்தா பாட்டிகளுக்கு இப்படியொரு மடல் தேவைப்படவில்லை. தோட்டப்புற லயத்து வீட்டுக்குப் பின்னால் முருங்கையும் கறிவேப்பிலையும் மரவள்ளியும் இருந்தன. ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, அரிசிக்குப் பஞ்சம் வந்தபோது மரவள்ளிக் கிழங்குதான் பல குடும்பங்களைக் காத்தது. விதைப்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தே கற்றுக்கொண்டார்கள்.

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. குடும்பங்கள் அடுக்குமாடிக்குக் குடியேறின. இன்று கீரை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், “பேரங்காடியிலிருந்து” என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, கேமரன் மலையில் விளைந்த காய்கறிகள் சந்தைக்கு வர வழியின்றிக் கொட்டப்பட்ட செய்தியை நாம் படித்தோம். விளைவிப்பவருக்கும் உண்பவருக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு என்பது அன்று புரிந்தது.

இந்தத் தூரத்தைக் குறைக்கவே பள்ளித் தோட்டம். ஆனால் பள்ளித் தோட்டத்தை அழிப்பது பூச்சி அன்று; நீண்ட விடுமுறையும் ஆசிரியர் மாற்றமும்தான். ஆர்வமுள்ள ஆசிரியர் மாற்றலாகிச் சென்றால், எந்த மூலையில் நீர் தேங்கும், எந்த விதை முளைத்தது என்ற அறிவும் அவரோடு போய்விடுகிறது. அடுத்து வருபவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார். எழுதி வைத்தால்தான் அந்த அறிவு பள்ளியின் சொத்தாகும்; மற்றப் பள்ளிகளுக்கும் அனுப்பினால் அது சமுதாயத்தின் சொத்தாகும்.

இதற்கு ஒரு பழைய முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், 1890-களில், கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிபர்ட்டி ஹைட் பெய்லி என்னும் தாவரவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் கிராமப் பள்ளி ஆசிரியர்களுக்காகச் சிறு வெளியீடுகளை அனுப்பத் தொடங்கினர். மாணவர்களுக்கான இயற்கைக் கழகங்களையும் அமைத்தனர். அக்கழகங்களில் பணச் சந்தா இல்லை. தான் கண்ட செடியையோ பூச்சியையோ பற்றி மாணவர் எழுதும் கடிதமே சந்தா. நம் நாட்டிலும் 1969-இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம், தமிழ் உட்பட நான்கு மொழிகளில் இதழ் நடத்தியதோடு, இரசாயனம் இல்லாத பள்ளித் தோட்டங்களையும் ஊக்குவித்தது. எழுத்தும் மண்வெட்டியும் சேர்ந்து செல்ல வேண்டும் என்பதற்கு இவை சான்று.

நாங்களும் கடிதத்தையே சந்தாவாக வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பள்ளியும் அரைப் பக்கம் எழுதித் தர வேண்டும். தராத பள்ளிக்கும் மடல் போகும். ஆனால் அதன் பெயருக்குக் கீழே இடம் வெறுமையாக இருக்கும். அந்த வெற்றிடம் நினைவூட்டுக் கடிதத்தைவிட நன்றாக வேலை செய்கிறது! தொகுப்பில் எனக்குத் துணையாக இதழுக்கு ஒரு பள்ளி முறை வைத்து வருகிறது. அதனால் மடல் ஒருவரை மட்டும் நம்பி நிற்கவில்லை.

எழுதுவதற்கு மூன்று விதிகள் உண்டு. முதலாவது, தேதியும் அளவும் வேண்டும். “கீரை நன்றாக வளர்ந்தது” என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. விதைத்த நாள், பறித்த நாள், பாத்தியின் நீள அகலம் இவற்றைக் குறிக்க வேண்டும். இரண்டாவது, முளைக்காததையும் எழுத வேண்டும். ஒரு பள்ளியில் அழுகிய விதை, பத்துப் பள்ளிகளின் விதையைக் காப்பாற்றும். மூன்றாவது, பிள்ளைகளின் சொந்த வாக்கியங்களை மாற்றக்கூடாது. எழுத்துப்பிழையை மட்டும் திருத்தலாம்.

இந்தக் குறிப்புகள் சேரச் சேர, நம் தட்பவெப்பத்துக்கும் பள்ளி நாட்காட்டிக்கும் ஏற்ற ஒரு பயிர்ப் பட்டியல் உருவாகிறது. கங்கோங் மூன்று நான்கு வாரத்தில் பறிப்புக்கு வரும். வெண்டைக்கு ஏறத்தாழ ஏழு வாரம் ஆகும். கத்தரிக்கு இன்னும் கூடுதலான நாள் வேண்டும். ஆகவே விடுமுறை நெருங்கும்போது கத்தரி நடுவது வீண். கீரை விதைத்துப் பறித்துவிட்டு, நிலத்தை இலைச்சருகால் மூடிச் செல்வது நன்று. ஏப்ரல், அக்டோபர் மாதங்களை ஒட்டிப் பிற்பகல் மழை கொட்டும். அப்போது பாத்தியை உயர்த்திக் கட்ட வேண்டும். டிங்கி அச்சம் உள்ள நம் வட்டாரத்தில், சட்டித் தட்டுகளிலும் பூவாளியிலும் தேங்கும் நீரை வாரந்தோறும் கொட்டிவிட வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் பத்து நாள் போதும்.

பெரியோர்களே, ஒரு பாத்திக் கீரை ஒரு வகுப்புப் பிள்ளைகள் சுவை பார்க்கப் போதும். பள்ளி முழுவதற்கும் போதாது. வசதி குறைந்த பிள்ளைகளுக்காக 1979 முதல் நடைபெற்று வரும் கூடுதல் உணவுத் திட்டமானாலும், பள்ளிச் சிற்றுண்டிச்சாலையானாலும், அடுப்பில் ஏறும் காய்கறியை விவசாயிதான் தர வேண்டும். ஆகவே மடலின் நான்காம் பக்கத்தைக் காய்கறி பயிரிடுபவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம். இந்த மாதம் எது மலிவு, எது புதிது, பிள்ளைகள் தோட்டத்தைப் பார்க்க வரலாமா என்பதை அவர்கள் சொல்கிறார்கள். தான் விதைத்த கீரையைத் தட்டில் கண்டால், ஒதுக்கி வைக்கும் பிள்ளையும் ஒரு வாய் உண்டு பார்க்கும். தோட்டம் அந்த விருப்பத்தை உண்டாக்குகிறது. விவசாயி அந்தத் தட்டை நிரப்புகிறார்.

நிறைவாக, அறவாரியத்திடம் ஒரு விண்ணப்பம். சோழர் காலக் கல்வெட்டுகளில் திருநந்தவனப்புறம் என்ற சொல் வருகிறது. கோயில் பூந்தோட்டத்தைப் பராமரிப்பதற்காக விடப்பட்ட நிலம் அது. தோட்டம் போடுவது ஒரு நாள் உற்சாகம். அதற்கு நாள்தோறும் நீர் ஊற்றுபவருக்கு வழி செய்வதே அறக்கட்டளை என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். இன்றும் பள்ளித் தோட்டத் திறப்பு விழாவுக்கு நன்கொடை எளிதில் கிடைக்கிறது. பெயர்ப் பலகைக்கும் குறைவில்லை. மூன்றாம் ஆண்டின் விதைக்கும், விடுமுறையில் நீர் ஊற்றுபவருக்கும், மடலின் அச்சுச் செலவுக்கும்தான் ஆளில்லை.

எங்களுக்குப் பெருந்தொகை வேண்டாம். சிறு தொகையாயினும் ஆண்டு தவறாமல் வந்தால் போதும். ஆசிரியர்கள் மாறுவார்கள், மாணவர்கள் வளர்ந்து செல்வார்கள், என்னைப் போன்றவர்களும் ஓய்வு பெறுவோம். மடலும் விதையும் கைமாறிக்கொண்டே இருக்கட்டும். அதற்கு அறவாரியம் துணை நிற்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.